காவல் காத்தவர்களின் மாளிகை

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்களின் பயணத் திட்டத்தில் கண்டிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் பேராதனைத் தாவரவியல் பூங்கா, மாலையில் ஏரிக்கரை, நடுவில் ஒரு மணி நேரம் தலதா மாளிகை. புத்தரின் பல் இருக்கும் கோயில், சிங்கள பௌத்தர்களின் தலையாய புனிதத் தலம், ஆண்டுக்கொருமுறை யானைகள் ஊர்வலம் போகும் இடம் என்று வழிகாட்டி மூன்று வரியில் சொல்லி முடித்துவிடுவார். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்தப் பல்லின் ஆயிரத்து அறுநூறு ஆண்டு வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் படித்தால், அது ஓர் இனத்துக்கு மட்டுமான கோயில் என்ற எண்ணம் நிலைக்காது. தந்ததாது எனப்படும் அந்தப் பல்லுக்கு அருகில் வந்தவர்களிடம் அந்த வரலாறு திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே: உன்னால் இதைக் காக்க முடியுமா, பேண முடியுமா? என்ன மொழி பேசுகிறாய் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. காத்தவர்களின் வரிசையில் தமிழில் சாசனம் எழுதிய படைவீரர்களும் இருக்கிறார்கள், மதுரை வழிவந்த மன்னர்களும் இருக்கிறார்கள். இதைச் சிங்கள அரசியலும் மறந்தது, தமிழ் அரசியலும் மறந்தது. அந்த மறதிக்கு இலங்கைத் தீவு பெரிய விலை கொடுத்திருக்கிறது. தமிழ்ப் பயணிகள் அந்த மாளிகைக்கு இந்த வரலாற்றை அறிந்துகொண்டு போக வேண்டும், இலங்கை அரசும் அதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

தந்ததாது இலங்கைக்குள் வந்ததே கடல் தாண்டித்தான். கலிங்க நாட்டின் தந்தபுரத்திலிருந்து, அரசன் குகசிவனின் மகள் ஹேமமாலையும் அவள் கணவன் தந்தகுமாரனும் மாறுவேடத்தில் புறப்பட்டு, பல்லைக் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்கிறது மரபுக் கதை. அப்போது அனுராதபுரத்தில் ஆண்டவன் சிறிமேகவண்ணன். காலம் 4ஆம் நூற்றாண்டு. கூந்தல் கதையை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்தில் தங்கியிருந்த சீனத் துறவி பாகியான், ஆண்டுதோறும் பல்லை வெளியே எடுத்து அபயகிரி விகாரைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் வழிபட்டதை எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகு தலைநகர் இடம் மாறியபோதெல்லாம் பல்லும் கூடவே போனது: பொலன்னறுவை, யாப்பகூவ, குருநாகல், கோட்டை, கடைசியில் கண்டி. போன இடமெல்லாம் அரண்மனைக்கு அருகிலேயே அதற்கு மாளிகை எழும்பியது. பல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே ஆளும் தகுதி என்ற நம்பிக்கை இப்படித்தான் வேர்விட்டது. அந்த நம்பிக்கையின்படி அரசருக்குக் கிடைத்தது பெருமை மட்டுமன்று, ஒரு கடமையும்கூட. பகைவர் கையில் பல்லைப் பறிகொடுத்தவர் அரசர் என்ற பெயருக்கே தகுதியற்றவரானார்.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய முதல் சான்று பொலன்னறுவையில் நிற்கிறது. சோழர்கள் அந்த நகரைக் கைப்பற்றி, ஜனநாதமங்கலம் என்று பெயர் சூட்டிப் பல பத்தாண்டுகள் ஆண்டார்கள். 1070ஆம் ஆண்டு வாக்கில் அவர்களை விரட்டியவன் முதலாம் விஜயபாகு. சிங்கள வரலாற்றின் பெரும் விடுதலை வீரன் அவன். அவன் காலத்தில் தந்ததாதுவுக்குப் பொலன்னறுவையில் கோயில் எழுந்தது. அவன் இறந்த பிறகு வாரிசுச் சண்டையில் நாடு குலைந்தது, கோயில் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனது. அந்த நேரத்தில் அரசகுருவாக இருந்த மூத்த பிக்கு யாரிடம் போய்க் காவல் கேட்டார்? வேளைக்காரப் படையினரிடம். தமிழ்நாட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தும் போய் அங்கே கூலிப்படையாகச் சேவை செய்தவர்கள் அவர்கள். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பல பிரிவினர் அதில் இருந்தார்கள். அவர்கள் ஒன்றுகூடி, வணிகக் குழுக்களையும் அழைத்து வைத்துக்கொண்டு, பல்லின் கோயிலைத் தங்கள் பொறுப்பில் ஏற்றார்கள். அதற்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயரிட்டார்கள். கோயிலின் ஊர்களையும் ஊழியரையும் உடைமைகளையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும், தங்களுக்கே அழிவு வந்தாலும் காப்பதாகக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்தச் சாசனம் தமிழில் இருக்கிறது. சோழர் கைவிட்டுப்போய் அரை நூற்றாண்டுகூட ஆகாத நகரில், சோழரை வென்ற அரசனின் காலத்துக் கோயிலுக்கு, தமிழில் எழுதப்பட்ட காவல் உறுதி அது.

இதே வேளைக்காரர்கள் விஜயபாகுவுக்கு எதிராக ஒருமுறை கலகம் செய்தவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சோழ நாட்டின்மீது படையெடுக்க அவன் ஆணையிட்டபோது அவர்கள் மறுத்தார்கள். படைத்தலைவர்களைக் கொன்று அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்று சூளவம்சம் என்ற வரலாற்று நூல் பதிவுசெய்கிறது. அவன் அந்தக் கலகத்தைக் கடுமையாக அடக்கினான். அப்படியிருந்தும் அடுத்த தலைமுறையில் பிக்குகள் அவர்களிடமே வந்தார்கள். இனக் கணக்கை வைத்து இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. யாரிடம் வலிமை இருக்கிறது, யார் கொடுத்த சொல்லைக் காப்பார்கள் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் எளிதில் புரிகிறது. மறுபக்கமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் படைத்தலைவனான ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவவைத் தாக்கிப் பல்லைப் பாண்டிய நாட்டுக்கு எடுத்துவந்தான். மூன்றாம் பராக்கிரமபாகு போர் தொடுக்கவில்லை. தானே பாண்டியன் குலசேகரனின் அவைக்கு வந்து பேசி, பல்லைத் திரும்பப் பெற்றுப் போனான். ஆக, தமிழ் பேசியவர்கள் இந்தக் கதையில் காவலராகவும் வருகிறார்கள், கவர்ந்தவராகவும் வருகிறார்கள், திருப்பிக் கொடுத்தவராகவும் வருகிறார்கள். ஒரே நிறத்தில் தீட்டக்கூடிய கதையன்று இது.

இங்கே ஒரு கேள்வி எழும்: அது உண்மையிலேயே புத்தரின் பல்தானா? 1560இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கீசியர் ஒரு பல்லைக் கைப்பற்றி, கோவாவுக்குக் கொண்டுபோய் இடித்துப் பொடியாக்கி எரித்ததாகப் பெருமையுடன் எழுதினார்கள். அது போலி, உண்மையான பல் சப்ரகமுவவின் தெல்கமுவ விகாரையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது, அதைத்தான் முதலாம் விமலதர்மசூரியன் கண்டிக்குக் கொண்டுவந்தான் என்பது சிங்கள மரபின் பதில். இதற்குத் தீர்ப்புச் சொல்லும் தேவை நமக்கு இல்லை. அந்தப் பல்லுக்காக நடந்த போர்களும் எழுந்த கட்டடங்களும் ஏற்கப்பட்ட உறுதிமொழிகளும் உண்மையானவை. நம் வாதத்துக்கு அவை போதும்.

கண்டிக்கு வருவோம். கண்டி அரசர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே மதுரையிலிருந்து பெண் எடுத்து வந்தார்கள். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்து அரசியிடம் வாரிசில்லாமல் இறந்தபோது, அவனுக்குச் சிங்களப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகன் இருந்தான். அவனை ஒதுக்கிவிட்டு, மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பியையே அரியணையில் அமர்த்தினார்கள். அவன்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அடுத்து 1747இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1782இல் ராஜாதி ராஜசிங்கன், 1798இல் கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நால்வரில் மறக்கவே முடியாதவன் கீர்த்தி ஸ்ரீ. அவன் பட்டத்துக்கு வந்த காலத்தில் இலங்கையில் முறையாகத் துறவு அளிக்கத் தகுதிபெற்ற பிக்குகளே இல்லை. பௌத்த சங்கம் அறுந்துபோயிருந்தது. வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவியின் வேண்டுகோளை ஏற்று, சயாம் நாட்டின் அயுத்தியாவுக்கு, டச்சுக்காரர்களின் கப்பலில் தூது அனுப்பினான். 1753இல் உபாலி தேரரின் தலைமையில் சயாம் பிக்குகள் கண்டிக்கு வந்து உபசம்பதா என்ற முழுத்துறவுச் சடங்கை நடத்தினார்கள். இன்று தந்ததாதுவின் பொறுப்பிலிருக்கும் மல்வத்து, அஸ்கிரி பீடங்கள் இரண்டும் அந்த சயாம் நிக்காயத்தைச் சேர்ந்தவை. தந்ததாதுவுக்கு இப்போதிருக்கும் உள்மாளிகையைப் புதுப்பித்துக் கட்டியவன் அவனே. அதுவரை நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோரின் விழாவாக இருந்த எசல பெரஹரா ஊர்வலத்தில், தந்ததாதுவின் பேழை முதலில் செல்ல வேண்டும் என்று ஆணையிட்டவனும் அவனே. தம்புள்ளைக் குகைகளின் சுவரோவியங்கள் அவன் காலத்தில் புதுப்பொலிவு பெற்றன. சூளவம்சத்தைத் தொடர்ந்து எழுதச் செய்ததும் அவன் காலத்தில்தான். அதை எழுதிய பிக்குகள் அவனை அந்நியன் என்று குறை சொல்லவில்லை, பௌத்தத்தின் பெரும் புரவலன் என்று புகழ்ந்தார்கள்.

மதுரை வழிவந்த இந்த நாயக்க மன்னர்கள் தமிழரே அல்லர், தெலுங்கு மரபினர் என்று சிலர் திருத்துவார்கள். சரியான திருத்தம்தான். அவர்களைத் தமிழ் மன்னர்கள் என்று கொடிபிடித்துக் காட்டுவதும் இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. அவர்கள் கண்டியின் மன்னர்கள். அந்த உரிமை பல்லைப் பேணியதால் அவர்களுக்கு வந்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பட்டத்து உரிமையைச் சத்திரிய குலம் என்ற அளவுகோல்தானே தீர்மானித்தது? பிறப்பு அங்கே பார்க்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வது? உண்மை, குலம் பார்த்தார்கள். அது போற்றத்தக்க முறையன்று. ஆனால் அந்தக் குலக் கணக்குக்கு மொழி எல்லை இல்லை. சிங்களத் தாய்க்குப் பிறந்த அரசகுமாரனைத் தள்ளிவிட்டு, கடல் தாண்டி வந்தவனை ஏற்றுக்கொண்டது அந்தக் கணக்குதான்.

மூன்றாவது மறுப்பு: அரியணையில் நிலைப்பதற்காக அவர்கள் பௌத்தராக நடித்தார்கள், மக்கள் அதை நம்பவில்லை என்பது. இதற்குச் சான்றாக 1760ஆம் ஆண்டுச் சதி காட்டப்படும். அரசன் நெற்றியில் திருநீறு பூசுவதை விடவில்லை என்ற மனக்குறையோடு பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லத் திட்டமிட்டார்கள். சங்கராஜ சரணங்கரரின் பெயரும் அதில் அடிபட்டது. சதி வெளிப்பட்டது, பிரதானி ஒருவர் தலையிழந்தார், சரணங்கரர் காலப்போக்கில் பழைய மதிப்பைத் திரும்பப் பெற்றார். இந்த நிகழ்வைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கீர்த்தி ஸ்ரீக்குப் பதிலாகச் சதிகாரர்கள் அரியணையில் வைக்க நினைத்தது சிங்களர் ஒருவரையன்று. அப்போது தீவிலிருந்த சயாம் இளவரசர் ஒருவரை! மதுரைக்காரர் வேண்டாம் என்றவர்களே அயுத்தியாக்காரர் வேண்டும் என்றார்கள். அவர்களுடைய குறை அரசனின் இனத்தைப் பற்றியதாக இருந்தால் இந்த மாற்று அவர்கள் மனத்தில் தோன்றியே இருக்காது. அரசன் தந்ததாதுவை முழுமனத்துடன் பேணுகிறானா என்பதுதான் அவர்களின் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குக் கீர்த்தி ஸ்ரீ அடுத்த இருபதாண்டுகளில் பதில் சொன்னான். அந்தப் பதில்தான் இன்று நாம் உள்ளே சென்று பார்க்கும் மாளிகை.

கண்டி அரியணை இனத்தின் பெயரால் மூடப்பட்டது 1815இல். பிரதானிகளின் துணையோடு ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்தார்கள். பிப்ரவரி 18 அன்று ஸ்ரீ விக்கிரமன் மெதமகாநுவரவில் பிடிபட்டான். மார்ச் 2 அன்று மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மலபார் இனத்தாருக்கு, அதாவது நாயக்கர் போன்ற தென்னிந்திய வழியினருக்கு, கண்டியை ஆளும் உரிமை இனிமேல் இல்லை என்று அதன் ஒரு பிரிவு எழுதிவைத்தது. இன்னொரு பிரிவு பௌத்தத்தைக் காப்பதாக வாக்களித்தது. பிரதானிகள் சிலரிடம் நாயக்கர்மீது வெறுப்பு ஏற்கெனவே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மனக்கசப்பைச் சட்ட வாசகமாக மாற்றியது அந்த ஒப்பந்தம். மக்கள் அதை எவ்வளவு ஏற்றார்கள் என்பது மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 1817, 1818இல் ஊவாவில் வெடித்த பெருங்கிளர்ச்சி அரசனாக முன்னிறுத்திய மனிதர், நாயக்க வம்சத்து துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். உண்மையில் அவர் உள்ளூர்க்காரர். ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த சிங்களக் குடியானவர்களைத் திரட்ட, நாடுகடத்தப்பட்ட அரசனின் உறவினர் என்ற பெயர் தேவைப்பட்டது! அந்தக் கிளர்ச்சியின்போது தந்ததாதுவும் கண்டியிலிருந்து மறைவாக வெளியேற்றப்பட்டுக் கிளர்ச்சியாளர் பக்கம் போனது. ஆங்கிலேயர் அதைத் திரும்பக் கைப்பற்றியதும் கிளர்ச்சியின் முதுகெலும்பு முறிந்தது. தனக்கு நம்பிக்கையே இல்லாத அந்தப் பல்லைப் பல ஆண்டுகள் ஆங்கில அரசு தன் பூட்டிலும் காவலிலும் வைத்திருந்தது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஸ்ரீ விக்கிரமனைப் பற்றிப் பேசினால் எஹெலெபொல குடும்பத்தின் நினைவு வந்தே தீரும். பிரதானி எஹெலெபொல ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 1814இல் அவன் மரண தண்டனை விதித்தான். கண்டி ஏரியை வெட்டக் குடிமக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கினான். அவன் ஆட்சியின் இறுதிக்காலம் கொடுமையானது. அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அவனைப் பற்றிப் பரவிய கதைகளில் ஆங்கிலேய ஒற்றர்களின் கைவண்ணம் எவ்வளவு என்பதை மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேயசேகர அவனைப் பற்றி எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு சிங்கள அறிஞர் தன் முதுமையில் அந்த அரசனுக்கு நியாயம் தேடி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்பதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கொடுங்கோலனாக இருந்திருக்கலாம். அவன் கட்டிய எண்கோண மண்டபம் இன்றும் மாளிகையின் முகமாக நிற்கிறது.

பத்திரிப்புவ என்று சொல்லப்படும் அந்த எண்கோண மண்டபத்தைத்தான் கண்டியின் எல்லாப் படங்களிலும் பார்க்கிறோம். தேவேந்திர மூலாசாரி என்ற கலைஞர் அதை அமைத்தார். அரசன் அங்கிருந்து மக்களுக்குக் காட்சி தந்தான். பிற்காலத்தில் அது ஓலைச்சுவடிகளின் நூலகமாயிற்று. அகழியை ஒட்டியும் ஏரிக்கரை நெடுகவும் ஓடும் வெள்ளைச் சுவரின் மேல்விளிம்பு மேகம் சுருண்டதுபோல வளைந்து வளைந்து போகும். அதில் விளக்கு வைக்கும் முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. அதுவும் ஸ்ரீ விக்கிரமனின் வேலை. உள்ளே போனால் கீழ்த்தளத்தில் ஹேவிசி மண்டபம். பூசை நேரங்களில் வெள்ளை வேட்டியும் சிவப்புக் கச்சையும் கட்டியவர்கள் அங்கே நின்று பேரிகையும் தம்மட்டமும் முழக்க, ஹொரணை என்னும் குழல் கூடவே ஒலிக்கும். மேல்மாடியில் தாமரையும் அரலிப் பூவும் குவிந்த நீண்ட மேசை. வெள்ளை உடுத்த தாய்மார்கள் பூவை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்க்குள் சூத்திரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்ததும் வரிசை நகரும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளின் வெளிப்புறப் பொன்பேழை சில நொடிகள் கண்ணில் படும். அதற்குமேல் அங்கே நிற்க விடமாட்டார்கள். பல் வெளியே எடுக்கப்படுவது அரிது. 2009க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் பத்து நாள் பொதுத் தரிசனம் நடந்தது. அதற்காக இலட்சக்கணக்கானோர் கண்டித் தெருக்களில் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். மாளிகையின் முன்புறம் நாத தேவாலயத்தையும் பத்தினி தேவாலயத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். பெரஹராவில் தந்ததாதுவின் பேழைக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. கதிர்காமத் தேவாலயத்தின் வரிசையில் காவடி ஆடுகிறார்கள், கடைசி வரிசை பத்தினியுடையது.

இவ்வளவும் இருந்தும், இன்றைய இலங்கைத் தமிழர் ஒருவர் அந்த மாளிகையைப் பார்க்கும்போது மனம் நெருடினால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, அவருக்கு இரண்டாம் இடத்தை நினைவூட்டுகிறது. புதிய ஆட்சியாளர்கள் பதவியேற்றதும் முதலில் போய் நிற்பது தலதா மாளிகையில். 2020இல் அமைச்சரவை பதவியேற்றதே மகுல் மடுவவில். மலையகத் தமிழர்களின் கதை இன்னும் கசப்பானது. மதுரை வழிவந்த கடைசி அரசனை வேலூருக்கு நாடுகடத்திப் பத்தாண்டு ஆவதற்குள், அவன் ஆண்ட மலைகளில் காப்பி பயிரிட, அதே தமிழ்நாட்டிலிருந்து ஏழைகளைக் கால்நடையாகக் கூட்டிவந்தது ஆங்கிலேயரின் அரசு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அவர்களின் சந்ததியின் குடியுரிமையைச் சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை, 1983இல் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்ததை நினைவில் வைத்திருப்பவர், இந்த மாளிகை எனக்கு என்ன செய்தது என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை மாளிகையிடம் கேட்பதைவிட அதன் பெயரால் ஆள்பவர்களிடம் கேட்பதே பொருத்தம். பல்லைக் காப்பது அரசனின் கடமை என்ற பழைய முறையில் குடிகளைக் காப்பதும் அடங்கியிருந்தது. வேளைக்காரர் சாசனம் அடைக்கலம் புகுந்தவர்களையும் சேர்த்தே காவல் ஏற்றது. பல்லை முன்னால் நிறுத்திக் குடிமக்களில் ஒரு பகுதியினரைப் பின்னால் தள்ளுவது, அந்த மரபைத் தொடர்வதாகாது. அது 1815இன் வாசகத்தைத் தொடர்வது. இந்த வாதத்தைத் தமிழர்கள் மாளிகைக்கு வெளியே விலகி நின்று சொல்வதைவிட, உள்ளே போய், அதன் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது வலுவாக இருக்கும்.

1998 ஜனவரி 25ஐப் பற்றிப் பேசாமல் ஒரு தமிழ்க் கட்டுரை இந்த மாளிகையைக் கடந்து போகக் கூடாது. சுதந்திரத்தின் பொன்விழா கண்டியில் நடக்கவிருந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு, விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிறைத்த லாரியை மாளிகையின் வாசலுக்கு ஓட்டிவந்து வெடிக்கவைத்தார்கள். குழந்தைகள் உட்பட வழிபட வந்தவர்கள் இறந்தார்கள். முகப்பும் கூரையும் சிதைந்தன. அது ஒரு குற்றம். போரில் தமிழர் பட்ட துயரம் எதுவும் அதை நியாயப்படுத்தாது. 1989இல் சிங்கள இயக்கமான ஜே.வி.பி.யும் அதே மாளிகையைத் தாக்கியது என்று சொல்லி அதைச் சிறிதாக்கவும் முடியாது. அந்த லாரியை அனுப்பியவர்கள், மாளிகை ஓர் இனத்துக்கு மட்டுமே உரியது என்று பேரினவாதிகள் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்கள். தமிழில் காவல் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்ட பொருளைத் தமிழரின் பெயரால் தாக்கினார்கள். இன்று மாளிகைக்குப் போகிற எல்லோரும் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தே உள்ளே நுழைகிறார்கள். தமிழ்ப் பயணி அந்த இடத்தில் சற்று நின்று, இறந்தவர்களை நினைத்துத் தலைதாழ்த்துவது அவருடைய கடமை என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பொலன்னறுவை வேளைக்காரர் சாசனத்தின் படி ஒன்றைச் சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு கண்டி மாளிகையின் அருங்காட்சியகத்தில், பக்தர்கள் கடந்துபோகும் இடத்தில் வைக்க வேண்டும். கீர்த்தி ஸ்ரீயின் மதுரை வழியையும் ஸ்ரீ விக்கிரமனின் வேலூர் முடிவையும் மூன்று மொழிகளிலும் அங்கே எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவாகத் தமிழ்நாடு அரசு எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசன், தந்ததாதுவின் கடைசி அரசக் காவலன் இங்கே உறங்குகிறான் என்பதை வேலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். இலங்கைக்குப் பயணம் போகிறவர்கள் புறப்படும் முன் வேலூருக்கு ஒருநாள் போய்வாருங்கள். கண்டியில் பேழையைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், எதிரில் இருக்கும் பத்தினி தேவாலயத்துக்கும் ஒரு கைப்பூ வாங்கிக்கொண்டு போங்கள்.